மெக்கானிக் இருக்கும் வரை ஓடிய ஜெனரேட்டர்

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்கள் நாங்கள் சிலர் ஆண்டுக்கொரு முறை கூடிச் சாப்பிட்டுப் பழைய கதை பேசுவோம். மற்றவர்கள் வெள்ளம், காலரா, பாம்புக்கடி என்று பெரிய விஷயங்களாகச் சொல்வார்கள். என் முறை வந்தால் மட்டும், "ஜெனரேட்டர் கதையைச் சொல்லுங்க" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். இந்த முறை இன்னும் பணியில் இருக்கும் ஒரு பெண்ணும் வந்திருந்தாள். அவளுடைய நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டி பழுதாகிவிட்டதாம். கம்பெனிக்குப் போனில் சொல்லி, மறுநாள் மாலை வரை ஆள் வரவில்லையாம். "இதெல்லாம் ஒரு சர்வீஸா மேடம்?" என்று கொதித்தாள்.

மறுநாள் மாலை! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் படித்தது சென்னையில். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முடித்ததும் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் போட்டார்கள். சில ஆண்டுகள் அங்கே மாத்திரை டப்பாக்களுக்கு நடுவே கழிந்தன. திருமணமாகிக் குன்றத்தூருக்கு வந்த பிறகு, வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றல் வேண்டும் என்று கேட்டேன். கிடைத்தது, ஒரகடத்தைத் தாண்டி ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். பக்கம்தான். ஒரு பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் போய் இறங்கி, சிங்கப்பெருமாள் கோவில் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்து, அது வந்தால் ஏறிப் போக வேண்டும்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. மறைமலை நகர்ப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் பக்கம் ஏரியும் வேர்க்கடலையும்தான். எங்கள் நிலையத்தில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், நான், எல்லா வேலைக்கும் ஆரோக்கியம் என்ற ஊழியர். மருந்து கொடுக்கிறவர் ஆணாக இருந்தால் கம்பவுண்டர், பெண்ணாக இருந்தால் என்னவென்று கூப்பிடுவது? ஊர்க்காரர்கள் யோசிக்கவே இல்லை. வந்த முதல் நாளே கம்பவுண்டரம்மா ஆகிவிட்டேன்.

மருந்து கொடுப்பது, இருப்புப் பார்ப்பது தவிர எனக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. தடுப்பு மருந்துகள் இருந்த குளிர்ப்பெட்டி. காலையில் கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே அதைத் திறந்து உள்ளே தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பேன். இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டைத் தாண்டக் கூடாது. முத்தடுப்பு ஊசி மருந்து உறைந்தால் கெட்டது. போலியோ சொட்டு மருந்து சூடேறினால் கெட்டது. கெட்டுப்போன பாலைப் பார்த்தால் தெரியும், மோந்தால் தெரியும். கெட்டுப்போன சொட்டு மருந்து நல்ல மருந்தைப் போலவேதான் இருக்கும். குழந்தை வாயைத் திறக்கும், சொட்டு விழும், தாய் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். உள்ளே போனது வெறும் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் அந்தப் பெட்டி விஷயத்தில் நான் கண்டிப்பு. சந்தேகம் என்றால் கொட்டிவிடுவேன், கொடுக்க மாட்டேன்.

ஆனால் மின்சாரம் என் கண்டிப்புக்குக் கட்டுப்படுமா? கோடையில் காற்றடித்தால் போகும், காற்று நின்றாலும் போகும். போனால் சில சமயம் மறுநாள்தான் வரும். நாங்கள் எழுதி எழுதி, கடைசியில் மாவட்ட அலுவலகம் ஒரு ஜெனரேட்டர் கொடுத்தது. பெட்டி மாதிரி, மேலே கைப்பிடி வைத்த சிவப்பு இயந்திரம். ஒரே ஆள் தூக்கிச் செல்லலாம் என்று அதனோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தது. அந்த ஆள் யார் என்று போடவில்லை. ஜீப்பிலிருந்து இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். தேங்காய் உடைத்தோம். ஆரோக்கியம் தன் பங்குக்குச் சிலுவைக்குறி போட்டார்.

அதை ஓட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்து, கயிற்றை ஒரே வெட்டாக வெட்டி இழுக்க வேண்டும். எஞ்சின் பிடித்துச் சற்றுச் சூடானதும் குழாயை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். ஆரோக்கியம் இதை வேதபாடம் போல மனப்பாடம் செய்துவிட்டார்.

தடுப்பூசி போடும் நாள் புதன்கிழமை. ஜெனரேட்டர் வந்த பிறகு முதல் மின்வெட்டும் ஒரு புதன்கிழமைதான் வந்தது. ஆரோக்கியம் கயிற்றை இழுத்தார். பிடித்துக்கொண்டது. குளிர்ப்பெட்டி உறுமியது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அரை மணி நேரம் கழித்து இரண்டு தடவை இருமியது, நின்றது. இழுத்தார், இழுத்தார், சட்டை நனையும் வரை இழுத்தார். அசையவில்லை. சாயங்காலம், எல்லோரும் போன பிறகு சும்மா ஒரு இழுப்பு இழுத்தார். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

ஒவ்வொரு தடவையும் இதே கதை. ஆறியிருந்தால் ஓடும், நன்றாகச் சூடேறினால் நிற்கும், மறுபடி ஆறினால் ஓடும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. இதை இன்னொருவரை நம்பவைக்கத்தான் பல மாதங்கள் ஆயின.

டாக்டரிடம் சொன்னேன். எங்கள் டாக்டரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஐம்பது வயதுக்காரர். நல்லவர். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எதைச் சொன்னாலும் முழுவதும் கேட்பார். கேட்டு முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி கட்டி வந்தால் வேட்டி நுனியிலும், பேன்ட் போட்டு வந்தால் கைக்குட்டையிலும் அதைத் துடைப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, "எழுதிப் போடுங்கம்மா" என்பார். கூரை ஒழுகினாலும் எழுதிப் போடுங்கம்மா, மருந்து வரவில்லை என்றாலும் எழுதிப் போடுங்கம்மா. எழுதிப் போட்டால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். அதோடு அவர் மனதில் அந்த விஷயம் முடிந்துவிடும். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பமாகும்.

எழுதிப் போட்டேன். ஜெனரேட்டருக்கு ஓர் ஆண்டு வாரண்டி இருந்தது. அதில் பாதியை மாவட்டக் கிடங்கில் சாக்குக்கு அடியில் தூங்கியே கழித்துவிட்டு வந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. சென்னையில் விற்பனை ஏஜென்சி இருந்தது. அங்கிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். எத்திராஜ் என்று பெயர். நாற்பது வயது இருக்கும், ஒல்லி உடம்பு, தோளில் ஸ்பேனர்கள் நிறைந்த கனமான பை. ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். அதே பஸ் ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்பி வரும்போது ஏறிப் போய்விட வேண்டும். விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஒரே இழுப்பு. இயந்திரம் பிடித்துக்கொண்டது.

"இன்னா மேடம், நல்லாத்தானே ஓடுது?"

"சூடானா நின்னுடுதுங்க."

"இஞ்சினுன்னா சூடாவாம இன்னா பண்ணும்?" ஒரு பல்பை மாட்டிப் பார்த்தார். எரிந்தது. "வோல்டேஜும் கரீக்டா கீது."

"கொஞ்ச நேரம் இருந்து பாருங்க. நிக்கும்."

"பஸ் வந்துரும் மேடம். இன்னிக்கு இன்னும் ரெண்டு எடம் போவணும். இதுல ஒரு கையெழுத்துப் போட்ருங்க." அவர் நீட்டிய தாளில், இயந்திரம் நன்றாக இயங்குகிறது என்று முன்பே எழுதியிருந்தது. சாலையில் ஹாரன் கேட்டது. அவசரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பஸ் கண்ணை விட்டு மறைந்து கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் இருமியது, நின்றது. ஆரோக்கியம் அதைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

மறுபடி எழுதிப் போட்டேன். பதில் வந்தது. இயந்திரத்தை வாங்கியவர் மாவட்ட அலுவலகம் என்பதால், புகார் அங்கிருந்துதான் வர வேண்டுமாம். காஞ்சிபுரத்தில் இருந்த மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கே ஒரு குமாஸ்தா மிகப் பொறுமையாக எனக்கு விளக்கினார். "நாங்க உங்களுக்குக் குடுத்துட்டோமேம்மா. இப்போ அது உங்க பொருள். நீங்கதான் எழுதணும்." ஏஜென்சியில் மாவட்டம் எழுதணும் என்கிறார்களே என்றேன். "அப்போ அப்படி எழுதச் சொல்லி அவங்களை எங்களுக்கு எழுதச் சொல்லுங்க" என்றார். அந்த வாக்கியம் இன்னும் என் காதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் மோட்டார் பழுது பார்க்கும் ஒருவர், "குடும்மா, பிரிச்சுப் பாத்துர்றேன்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இயந்திரத்தின் மேல் ஒரு முத்திரை ஒட்டியிருந்தது. வெளி ஆள் அதைப் பிரித்தால் வாரண்டி போய்விடும். ஆக, ஓடவும் ஓடாது, தொடவும் கூடாது.

இதற்கிடையில் புதன்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. தேவகி என்று ஒரு பெண். பக்கத்துக் கிராமம். கழனி வேலை. கணவன் மறைமலை நகர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டான். கைக்குழந்தைக்கு மூன்றாவது தவணை போடத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் போன மின்சாரம் இன்னும் வரவில்லை. ஜெனரேட்டர் விட்டு விட்டு ஓடியதில் வெப்பமானி எட்டைத் தாண்டிப் பன்னிரண்டில் நின்றது. அத்தனையும் கொட்டினேன். வந்த தாய்மார்களை அடுத்த வாரம் வரச் சொன்னோம். சந்தேகம் என்றால் கொடுக்காதே என்பது புத்தகத்தில் படிக்கச் சுலபம். வெயிலில் நடந்து வந்த ஒரு தாயிடம் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

சில வாரங்கள் கழித்து மறுபடி வந்தாள். மறுபடி அதே கதி. இந்தத் தடவை பேசாமல் போகவில்லை.

"இன்னாம்மா இது? போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. ஒருநாள் கூலிய வுட்டுட்டு தூக்கினு வரேன். எங்க தெருவுல ஒரு புள்ளைக்கு காலு சூம்பிப் பூட்ச்சி. அதப் பாத்து பயந்துதான் எங்க மாமியாரு பேச்சயும் மீறி வரேன். அவங்க இன்னா சொல்றாங்க தெரியுமா? கவர்மெண்டு ஆஸ்பத்திரில காத்துதான் கீதுன்றாங்க."

"இன்னும் ஒரே ஒரு தடவை வாம்மா."

"இனிமே நான் வரல. நீங்க கரண்ட வெச்சினு சொல்லியனுப்புங்க" என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இயந்திரத்தை நானே சென்னைக்குக் கொண்டு போவது என்று. நிலையத்து ஜீப் டயர் இல்லாமல் கொட்டகையில் நின்றது. நானும் ஆரோக்கியமும் ஒரு தள்ளுவண்டியில் வைத்து பஸ் நிறுத்தத்துக்கு உருட்டிக்கொண்டு போனோம். கண்டக்டர் மோந்து பார்த்தார். "கிரசின் வாசன வருது. ஏத்த முடியாது." சாலையோரம் உட்கார்ந்து டாங்கியைக் காலி செய்து, துணியால் துடைத்தோம். அடுத்த பஸ் கண்டக்டருக்கு வாசனை தெரியவில்லை. ஆனால், "இன்னாய்யா இது, பம்புசெட்டா? பஸ்ஸுல எவ்ளோ கூட்டம் கீது பாரு" என்று விசில் அடித்துவிட்டார். கடைசியில் சென்னைக்குச் சவுக்குக் கட்டை ஏற்றிப் போன லாரி இரக்கப்பட்டது. நான் டிரைவர் பக்கத்தில். ஆரோக்கியம் பின்னால் கட்டைகள் மேல், ஜெனரேட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

ஏஜென்சி ஒரு குறுகலான தெருவில் இருந்தது. அங்கே சர்வீஸ் மேனேஜர் ஒருவர். அவரைப் போல மரியாதையாகப் பேசுகிறவரை நான் அரசு உத்தியோகத்தில் பார்த்ததில்லை. நாற்காலி போட்டார், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

"முதல்ல டீ சாப்பிடுங்க மேடம். வாரண்டி இல்லேன்னு நாங்க சொல்லவே இல்லையே. வாரண்டி நிச்சயமா உண்டு. கோளாறு இருந்தா மாத்தித் தருவோம். கோளாறு இருக்கணும், அவ்வளவுதான்."

"கோளாறு இருக்கறதாலதானே லாரியில தூக்கிட்டு வந்திருக்கோம்?"

"பாத்துடலாம் மேடம்."

டாங்கி காலியாக இருக்கிறதே, எப்படி ஓட்டிப் பார்ப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு அவர்களுடைய பெட்ரோலையே ஊற்றி, கடைவாசலில் வைத்து இழுத்தார்கள். சனியன், கல்யாண மேளம் போல ஓடியது. தெருவெல்லாம் புகை. பத்து நிமிடம் ஆகியிருக்காது, பக்கத்துத் துணிக்கடைக்காரர் வெளியே வந்து, புடவையெல்லாம் புகை நாறுகிறது என்று சத்தம் போட்டார். உடனே நிறுத்திவிட்டார்கள்.

"பாத்தீங்களா மேடம்? எங்க பெட்ரோல்ல அருமையா ஓடுது. உங்க மண்ணெண்ணெய்தான் கலப்படம்."

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டா நிக்கும் சார். அதுதான் கோளாறே."

"மண்ணெண்ணெயை வடிகட்டி ஊத்திப் பாருங்க மேடம். அப்புறமும் நின்னா, நான் இருக்கேன்." கைகூப்பி வாசல்வரை வந்து வழியனுப்பினார். கோபத்தைக் காட்டக்கூட வழியில்லாமல் செய்துவிடும் மரியாதை அது.

திரும்பக் கொண்டுவந்த பாட்டைச் சொன்னால் இன்னொரு கட்டுரை ஆகும். மண்ணெண்ணெயை வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி ஊற்றினோம். அரை மணி நேரம் ஓடியது. இருமியது. நின்றது.

நேராக டாக்டர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எழுதிப் போடுங்கம்மா" என்றார்.

"எழுத மாட்டேன் டாக்டர்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வெளியே பெஞ்சில் இருந்த நோயாளிகளின் பேச்சு நின்றுவிட்டது. ஆரம்பித்தது ஆரம்பித்துவிட்டது. "எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சு போச்சு. மருந்தைக் கொட்டறது நான், வந்தவங்களைத் திருப்பி அனுப்பறது நான், அவங்க கேக்கறதைக் கேட்டுக்கறதும் நான். தேவகி இனிமே வரமாட்டேன்னு போயிட்டா. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நான் எழுதிப் போட்டேன்னு போய்ச் சொல்லட்டுமா? இந்த மாசத்தோட வாரண்டி முடிஞ்சுடும். அப்புறம் யாருக்கு எழுதறது?"

டாக்டர் கண்ணாடியை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வயதானதாகத் தெரிந்தது. அப்புறம், "அந்த மெக்கானிக் மறுபடி வருவாரா?" என்றார்.

"வாரண்டி முடியறதுக்குள்ள புகாரை முடிச்சுக் கையெழுத்து வாங்க வருவாராம்."

"வந்தா, முதல்ல என்கிட்ட அழைச்சுட்டு வாங்க."

ஒரு வாரம் கழித்து எத்திராஜ் வந்தார். நல்ல வெயில். பையைக் கீழே வைத்தார், வழக்கம்போல ஒரே இழுப்பு, வழக்கம்போல ஓடியது. "இன்னா மேடம், நல்லாத்தானே ஓடுது?" என்று தாளை எடுத்தார். கையெழுத்து டாக்டர்தான் போடுவார் என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனேன். ஜெனரேட்டர் பின்புறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டாம் என்று ஆரோக்கியத்துக்குக் கண் காட்டியிருந்தேன்.

டாக்டர் தாளை வாங்கிப் படிக்கவே இல்லை. எத்திராஜின் முகத்தைப் பார்த்தார். "உட்காருங்க. ஏன் இப்படி வேர்க்குது?"

"வெயிலு சார்."

"கையைக் குடுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். பஸ் வந்துரும்."

"ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்லணும்" என்று டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைச் சுற்றினார். காற்றடித்தார், இறக்கினார். மறுபடி காற்றடித்தார். "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"டீ சார்."

"நேத்து ராத்திரி?"

எத்திராஜ் யோசித்தார். "அதுவும் டீதான் சார்."

"அந்தப் பெஞ்சுல படுங்க. அரை மணி நேரம் அசையக் கூடாது. மறுபடி பாத்துட்டுத்தான் அனுப்புவேன்."

டாக்டர் நாடகம் போடுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சீட்டில் எழுதிய எண் கண்ணில் பட்டதும் சிரிப்பு போய்விட்டது. அந்த அழுத்தத்தோடு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் எங்கெல்லாம் அலைந்துகொண்டிருந்தார்!

சாலையில் ஹாரன் கேட்டது. எத்திராஜ் எழுந்திருக்கப் பார்த்தார். டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். "அடுத்த பஸ்ல போகலாம்." பஸ் போய்விட்டது. எத்திராஜ் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினார். ஜன்னல் வழியாக எஞ்சின் சத்தம் மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கென்று பார்த்து இது நிற்காமல் ஓடிவிட்டால்?

இருமியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. நின்றது.

எத்திராஜ் கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தபடி, "நின்னுட்ச்சு" என்றார்.

"நின்னுடுச்சு" என்றேன் நான்.

"இன்னும் எந்திரிக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

ஆனால் அதற்கு மேல் அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை. பின்புறம் போனார். இழுத்துப் பார்த்தார். பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு ஆரோக்கியத்தை இழுக்கச் சொன்னார். பொறி வரவில்லை. மறுபடி இழுக்கச் சொன்னார். வரவில்லை. குந்தியபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பொறி வுடற காயிலு போயிருக்கு மேடம். சூடாச்சுன்னா உள்ள கட்டாவுது. ஆறிச்சுன்னா சேந்துக்குது."

"இதைத்தானே முதல் நாள்லேர்ந்து சொல்றேன்?"

"சொன்னீங்க மேடம்." சற்று நேரம் பிளக்கைக் கையில் உருட்டினார். "வேற எடத்துலயும் இதே கம்ப்ளெய்ன்ட்டுதான். நிக்கிற வரைக்கும் எங்கயும் நான் இருந்ததில்ல. எங்க இருக்க வுடறாங்க?" பிறகு தன் தாளை வாங்கி, முன்பே எழுதியிருந்ததை அடித்துவிட்டு, தன் கண்முன் சூடேறி நின்றது, காயில் மாற்ற வேண்டும் என்று எழுதினார். "மேனேஜரு திட்டுவாரு. திட்டட்டும். காதால கேட்டுட்டு இல்லன்னு எப்படி எழுதறது?"

இதோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மேனேஜர் போன் செய்தார். அதே மரியாதை. கோளாறை ஒப்புக்கொள்கிறார்களாம், வாரண்டியில் வருகிறதாம், காயில்தான் கைவசம் இல்லையாம். வடக்கேயிருந்து வர வேண்டுமாம். எப்போது வரும்? "வந்ததும் சொல்றேன் மேடம்." மறுபடி புதன்கிழமைகள். கூடவே ஐஸ் வாங்கி வந்து மருந்துப் பெட்டியைச் சுற்றி அடுக்கும் வேலை.

ஒருநாள் எத்திராஜ் அழைக்காமலே வந்து நின்றார். பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"காயில் வந்துடுச்சா?" என்றேன்.

"வரல மேடம். டாக்டரு ரெஸ்ட் எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாரே, அதக் காட்டி லீவு கேட்டேன். சீசன் டைமு, ஆளே இல்ல, இப்ப போவாதன்னாரு மேனேஜரு. அப்படீன்னா காயில குடுங்க, அந்த ஆஸ்பத்திரி வேலய முடிச்சுக் குடுத்துட்டு அப்பால லீவப் பத்திப் பேசலாம், இல்லன்னா இன்னிலேர்ந்தே லீவுதான்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. ஷோரூம்ல நிக்கற மிஷினுலேர்ந்து கழட்டிக்கோன்னுட்டாரு."

அதாவது, அங்கே அத்தனை நாளும் கண்ணாடிக்குப் பின்னால் மாலை போட்டு நின்ற இயந்திரத்துக்குள் காயில் இருந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அதை எத்திராஜ் மேல் காட்ட முடியுமா? டீ போடச் சொன்னேன்.

மாற்றி முடித்து ஓட்டினார். இந்தத் தடவை யாரும் அவரைப் பிடித்து வைக்கவில்லை. அவராகவே டாக்டர் அறைக்குப் போய்ப் பெஞ்சில் படுத்துக்கொண்டார். பஸ் வந்தது, போனது. நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி வேலை செய்வது போல நடித்தோம். வழக்கமாக நிற்கும் நேரம் வந்தது. தாண்டியது. ஆரோக்கியம் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். டாக்டர் எத்திராஜின் கையில் பட்டையைச் சுற்றி, "இதுவும் பரவாயில்லை, குறைஞ்சிருக்கு" என்றார்.

பிறகு ஏஜென்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. காயில் வாரண்டியில் இலவசம். ஆனால் முதல் முறை ஆள் வந்தபோது இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று நாங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறோமாம். ஆகவே அந்த வீண் வருகைக்குக் கட்டணம் செலுத்த வேண்டுமாம். அதைக் கொண்டுபோய் டாக்டர் முன்னால் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"இதுக்கு மட்டும் எதுவும் எழுதிப் போடாதீங்கம்மா" என்றார்.

அடுத்து மின்சாரம் போனது புதன்கிழமைதான். வேறு எந்தக் கிழமை போகும்? ஆரோக்கியம் இழுத்தார், மண்ணெண்ணெய்க்குத் திருப்பினார். வெப்பமானி ஐந்தில் நின்றது. நர்ஸ் முந்தின நாளே தேவகியின் வீட்டுக்குப் போய், மாமியாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, எப்படியோ சொல்லிவிட்டு வந்திருந்தார். தேவகி கடைசி ஆளாக வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். என்னோடு பேசவில்லை. அவள் முறை வந்தபோது பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்துக் கொடுத்தேன். குப்பி என் விரலில் ஜில்லென்று ஒட்டியது. குழந்தை வாயில் சொட்டு விழுந்தது. தொடையில் ஊசி ஏறியது. வீறிட்டு அழுதது.

தேவகி குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். அழுகை நிற்கவில்லை. பின்புறம் எஞ்சின் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பேசுவதே ஒருவருக்கொருவர் கேட்காத சத்தம். அவள் என் பக்கம் திரும்பி, காதருகே கத்தினாள்.

"கம்பவுண்டரம்மா, அந்தச் சனியன கொஞ்சம் நிறுத்தச் சொல்லுமா. காது கிழிஞ்சு பூடும் போலக்குது. புள்ள ஊசிக்கு அழுவல, அதுக்குத்தான் அழுவுது."

சுள்ளென்று கோபம் ஏறியது. எத்தனை கடிதம், எத்தனை பஸ், சவுக்குக் கட்டை லாரி, காஞ்சிபுரத்துக் குமாஸ்தா, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் என்ன சொல்லப் போகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாக, ருசித்து, அவளைப் போலவே உரக்கக் கத்திச் சொன்னேன்.

"அது நிக்காதும்மா!"

தேவகி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சத்தம் குறைவாகக் கேட்கும் பக்கமாக நடந்து போனாள்.